புள்ளியில் தொடங்கும் வரி

நீதான் அந்த வரியைக் கொன்றாய். கூட்டிப் பெருக்குகிறேன் பேர்வழி என்று துடைப்பத்தோடு உள்ளே வந்தாய், குப்பையோடு குப்பையாக அதையும் வாரிக் கொட்டினாய், கையைத் தட்டிக்கொண்டு போயேவிட்டாய். உதடு அசைந்துவிட்டது போலிருக்கிறது. எதிர் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த பெண் திருமூர்த்தியை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பார்க்கட்டும். ஸ்கேன் சென்டரில் தனக்குத்தானே பேசுகிறவன் புதிதா என்ன. இங்கே எல்லோரும் எதையோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், சாமி பேரையோ டாக்டர் பேரையோ. அவன் முணுமுணுப்பது இங்கே இல்லாத சிநேகிதன் உன் பேரை, அதையும் முழுசாகச் சொல்ல நாக்கு கூசுகிறது. பக்கத்தில் ஜெயக்கொடி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இந்த சென்டரின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவள் அவள். பார்த்துக்கொண்டிருந்தவள் என்று இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மாறிவிடலாம். அதோ அந்த மூடிய கதவுக்குப் பின்னால் நிர்வாகியும், வெளியிலிருந்து வரவழைத்த ஆலோசகர் ஒருவரும் உட்கார்ந்து அவளை வேலையில் வைப்பதா, அனுப்புவதா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சேமித்து வைத்திருந்த பழைய ஸ்கேன் படங்கள் அத்தனையும் ஒரே ஒரு கட்டளையில் போய்விட்டன. கட்டளையை அடித்த விரல் அவளுடையதுதான், அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் அடிப்பதற்கு முன்னால் அவள் அந்தக் கட்டளையின் கையேட்டை, மேன் பக்கத்தைத் திறந்து தலையிலிருந்து கால் வரைக்கும் படித்தாள். அப்படித்தான் திருமூர்த்தி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். அவள் படித்த பக்கத்தில் எச்சரிக்கை இல்லை. அவன் எழுதிய எச்சரிக்கை, அவன் கையாலேயே எழுதியது, அங்கே இல்லை. காலையிலிருந்து உனக்குச் செய்தி மேல் செய்தி அனுப்பியாயிற்று. நீல டிக் இரண்டும் விழுந்துவிட்டது. படித்துவிட்டாய். பதிலைத்தான் காணோம்.

மேன் பக்கம் என்றால் என்னவென்று நிர்வாகிக்குச் சொல்லி முடிப்பதற்குள் போன வாரம் அவனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. யூனிக்ஸில் ஒரு கட்டளையின் பேரைச் சொல்லிக் கேட்டால் அதன் கையேடு திரையில் வந்து நிற்குமுங்க, அதுதான். சரிங்க. அந்தக் கையேட்டைச் சாதாரணக் கோப்பாகத்தான் எழுதுவோம், அதை ஒரு நிரல் வாங்கிப் பக்கமாக அடுக்கிக் காட்டும். சரிங்க. வரியின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் அது வாசிக்கிறவருக்கான பேச்சு இல்லீங்க, அடுக்குகிற நிரலுக்கான உத்தரவு; தலைப்பு போடு, பத்தி பிரி, எழுத்தைத் தடிமனாக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேக்ரோ. அதுவும் சரிங்க. தனக்குத் தெரியாத உத்தரவாக இருந்தால் அந்த நிரல் ஏன் என்று கேட்காது, முகம் சுளிக்காது, அந்த வரியை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இந்த இடத்தில்தான் நிர்வாகியின் புருவம் மேலே ஏறிற்று. அவர் மேல் தப்பில்லை. ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கிற நம் காப்பு நிரல் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு பூட்டுக் கோப்பை வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பின் பேரே புள்ளியில் தொடங்கும், புள்ளி லாக். திருமூர்த்தியின் வாக்கியமும் அந்தப் பேரில்தான் தொடங்கியது. புள்ளி லாக் இருக்கும்போது துப்புரவுக் கட்டளையை ஓட்டாதீர்கள், சேமித்ததெல்லாம் அழிந்துபோகும். புள்ளியில் தொடங்குகிறதே என்றுதான் அதற்கு முன்னால் ஒரு காவல்குறி வைத்தான், ஒரு பின்சாய்கோடும் ஓர் அண்ட் குறியும். படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, இடத்தையும் அடைக்காது. அதன் வேலையெல்லாம் வாசலில் நின்று, இது உத்தரவு இல்லை, பேச்சுதான், உள்ளே விடு என்று சொல்வது மட்டும். அதைத்தான் நீ குப்பை என்றாய். எல்லாப் பக்கங்களையும் ஒரே சீராக்குகிறேன் என்று ஒரு சின்ன நிரல் எழுதி, ஒவ்வொரு வாக்கியமும் புது வரியில் தொடங்க வேண்டும் என்கிற நம் தொழில் வழக்கத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்து, வேண்டாத குறிகளையெல்லாம் உருவி எறியவும் சொல்லி ஓடவிட்டாய். அது சொன்னதைச் செய்தது. என் வாக்கியத்தைக் கொண்டுவந்து வரியின் தலையில் உட்காரவைத்து, காவலையும் உருவிவிட்டது. அடுக்குகிற நிரல் வாயைத் திறந்து சொல்லியிருக்கும், இந்த உத்தரவு எனக்குத் தெரியவில்லை என்று, கேட்டிருந்தால். எச்சரிக்கைகள் நச்சரிக்கின்றன என்று நீ அதன் வாயையும் கட்டிவிட்டாய். எச்சரிக்கைகளை அணைத்துவிட்டு எச்சரிக்கையை அழித்தாய். இதை யாரிடம் போய்ச் சொல்ல.

அன்றைக்கு அதைக் கேட்டு ஆலோசகர் சிரித்தார். சிரித்தது கூடப் பரவாயில்லை, மடிக்கணினியைத் திருப்பி மூலக் கோப்பைக் காட்டினாரே, "இதோ இருக்கே உங்க வரி" என்று, அதுதான் நெஞ்சில் மிதித்தது. இருக்கிறது. கோப்பில் இருக்கிறது, பக்கத்தில் வராது. "ஏனுங்க, எழுதியிருக்குதுங்கறீங்க, ஆனா தெரியாதுங்கறீங்க. அதெப்படிங்க?" என்றார் நிர்வாகி. அடுக்கிக் காட்டுகிறேன், பாருங்கள் என்றால், "நீங்க அந்தம்மாவுக்கு வேண்டியவரு, பக்கத்தை எழுதுனதும் நீங்க. உங்க பேச்சை எந்தக் கணக்குல எடுக்கறதுங்க?" என்கிறார். அவள் படித்த கம்ப்யூட்டரை மறுநாளே துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிட்டார்கள். உன் பேர் எங்கேயாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கோப்புகளை இணையத்தில் வைக்கிற புதுக் கிடங்குக்கு மாறும்போது, யார் எதை மாற்றினார்கள் என்கிற பழைய சரித்திரத்தையெல்லாம் விட்டுவிட்டு ஒரே கொட்டாகக் கொட்டி, ஆவணக் குழு என்று போட்டு வைத்திருக்கிறாய். குழுவாம். எந்தக் குழு? நீயும் நானும்தான் குழு, இப்போது நீ மட்டும். திருமூர்த்தி விடவில்லை. அவன் வாழ்க்கையில் சொன்ன விலையைக் கொடுத்து எதையும் வாங்கியதில்லை. மேசையில் கையூன்றி, குரலை ஏற்றி, இறக்கி, எழுந்து போகிறவன் மாதிரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, கடைசியில் நிர்வாகியை ஒரு இடத்துக்கு இறக்கினான். "சரிங்க. அந்தப் பக்கத்தை மாத்துனவரே எழுதிக் கொடுக்கட்டும். நான்தான் மாத்துனேன், அதுக்கப்புறம் வரி தெரியாமப் போச்சுன்னு அவர் வாயால வரட்டும். அந்தம்மா வேலைல கை வைக்க மாட்டோம்." அவ்வளவுதான் வேண்டும். உன்னிடமிருந்து ஒரு வரி. நானும் நீயும் ஒரு நாளைக்கு எத்தனை வரி எழுதுகிறவர்கள்.

குளிர்சாதனத்தின் காற்று நேராகப் பிடரியில் வந்து அடித்தது. வந்ததிலிருந்து கோபத்துக்குத் தண்ணீர் குடித்துக் குடித்து இப்போது அடிவயிறு கல்லாகக் கிடந்தது. எழுந்து போகலாமென்றால் கழிப்பறைப் பக்கம் சிக்னல் கிடையாது. அந்த நேரம் பார்த்து நீ எழுதினால். எழுதிவிட்டு உடனே அழித்தும்விடுவாய், உன்னைத் தெரியாதா. தெரியாதுதான் போல. ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியில்லாமல் நிரல் எழுதுகிறவர்களெல்லாம் அந்த டுடோரியல் ஹாலில் கூடுவோமே, ஃபேன் சுற்றினால் பேச்சு கேட்காது, நிறுத்தினால் வியர்வை. படித்த கூட்டம். எல்லோரும் எந்தக் காலேஜ் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சீப்பும் டார்ச் பேட்டரியும் விற்றவன், பழைய மானிட்டரும் யூபிஎஸ்ஸும் வாங்கி விற்றுத் தலையெடுத்தவன், அவனிடம் எந்தக் காலேஜ் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்தவர்களை அவனுக்கு இன்றைக்கும் முகம் முகமாக ஞாபகமிருக்கிறது. நீ நகரவில்லை. யூனிக்ஸ் எங்கே கற்றாய் என்று கேட்டாய். ஒரு மில்லை மூடும்போது ஏலத்தில் எடுத்த கம்ப்யூட்டரில் என்றான். யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை, உள்ளேயே மேன் பக்கம் இருந்தது. அந்தப் பக்கங்கள் அவனை என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து பேசவில்லை, கெஞ்சவில்லை, அண்ணே நல்ல சரக்கு என்று தலையில் கட்டவில்லை. இதைச் செய்தால் இது நடக்கும், இது செய்யாது, இங்கே ஒரு பழுது இருக்கிறது என்று கடைசியில் தன் குறையைத் தானே எழுதி வைத்திருந்தது. தன் சரக்கின் ஓட்டையைத் தானே சொல்கிற வியாபாரியை அவன் அதுவரை பார்த்ததில்லை. அகராதியைத் தொடையில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாக அதைப் படித்த நாட்களில்தான் தன்னை ஒருவர் மனுஷனாக மதித்துப் பேசுகிறார் என்று அவனுக்குத் தோன்றியது. அதனால்தான் அவனும் எழுதப் போனான், கூலியில்லாமல். கடைக்கு வருகிறவர்களிடம் கழுத்தறுத்துப் பேரம் பேசுகிறவன் இதை மட்டும் சும்மா செய்தான். உனக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்த ஹாலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "திருமூர்த்தி எழுதுன பக்கத்தை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டு அடிக்கலாம்யா" என்றாய். நம்பித்தான் அடித்தாள்.

அப்புறம் அந்த வாக்கியம். அதைப் பற்றி நினைக்காமல் இருக்கலாமென்று பார்த்தால் எண்ணம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து முட்டுகிறது, அடைத்த சந்தில் ஆட்டோ மாதிரி. அவன் கேட்டது தனித் தலைப்பு. எச்சரிக்கை என்று தடித்த எழுத்தில் தலைப்பு, கீழே பத்தி, என்ன நடக்கும், எப்படித் தப்பிப்பது, எல்லாம். நீ, "இவ்வளவு பயமுறுத்துனா எவனும் நம்ம நிரலைத் தொட மாட்டான் திருமூர்த்தி, பழுதுகள் பகுதியில ஒரு வாக்கியம் போதும்" என்றாய். அவன் மூன்று வாக்கியத்துக்கு நின்றான். நீ ஒன்றிலேயே நின்றாய். டீக்கடையில் வைத்துப் பேசினோம், டீ ஆறிப்போனது, கடைக்காரன் கண்ணாடிக் கிளாஸை எடுக்க வந்து வந்து போனான். உன் முகத்துக்காக இறங்கினான். எவன் முகத்துக்கும் இறங்காதவன் அன்றைக்கு இறங்கினான், சரி, ஒன்று, ஆனால் அது தெளிவாக இருக்க வேண்டும் என்று. இரண்டு வாக்கியம் இருந்திருந்தால் ஒன்று போனாலும் மற்றது நின்றிருக்கும். சேமித்ததெல்லாம் அழிந்துபோகும் என்பது மட்டும் தனியாக ஒரு வரியில் நின்றிருந்தால் போதும், அவள் விரல் நின்றிருக்கும். மூன்றில் நின்றிருக்க வேண்டும். நின்றிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு எழுந்து நடந்திருந்தால் நீ பின்னாலேயே வந்து இரண்டுக்குச் சம்மதித்திருப்பாய், எல்லோரும் வருவார்கள், அதுதான் பேரம். நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை. அந்த ஹாலில் நகராமல் நின்றவன் நீ என்பதற்காக. நட்பு என்று ஒன்றை வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டான், எச்சரிக்கையைக் கொடுத்து.

"ஐயா, நல்லா முட்டுதுங்களா?" என்றது ஒரு குரல். வெள்ளைச் சேலை கட்டிய நர்ஸ், கையில் அட்டை. "முட்டுனாத்தான் படம் தெளிவா விழும். இன்னும் கொஞ்சம் குடிங்க." திருமூர்த்தி பல்லைக் கடித்தான். "முட்டுது தாயி. ஆனா எனக்கு ஸ்கேன் இல்ல." அவள் அட்டையையும் அவன் கையிலிருந்த காலி பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்புறம் எதுக்குங்க இத்தனை தண்ணி?" எதிர் பெஞ்சுப் பெண் சிரிப்பை முந்தானையில் ஒளித்தாள். ஜெயக்கொடிகூட ஜிப்பை விட்டுவிட்டுச் சிரித்தாள், காலையிலிருந்து முதல் தடவையாக. "அண்ணனுக்குக் கோபம் வந்தா அப்படித்தானுங், ஒரு குடம் காலியாகும்" என்றாள். நர்ஸ் போனதும், "உங்ககிட்ட மொதல்ல வாங்குன கம்ப்யூட்டர் ஞாபகமிருக்குங்ளாண்ணா? விசைப்பலகைல ஒரு பொத்தானே இல்ல. அப்பவே உங்களை நம்பியிருக்கக் கூடாது" என்றாள். "அந்தப் பொத்தான் வேணும்னு நீ கேக்கவே இல்லியே" என்றான் அவன். "எங்கீங்க கேக்க உட்டீங்க? விலையைக் கொறைக்கச் சொன்னதுக்கே என்னை முறைச்சீங்க." புருஷன் விட்டுப் போன புதிதில், கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவள் வந்து நின்றாள். அவனையே மிஞ்சிப் பேரம் பேசிய ஒரே ஆள். அந்த மதிப்பில்தான் கடை மூலையில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். எவன் என்ன சொன்னாலும் நம்பாதே, நானே சொன்னாலும் நம்பாதே, பக்கத்தைத் திற, படி, அதில் இருந்தால் உண்டு. அவள் சிரிப்பு அடங்கிற்று. கவுன்ட்டரில் ஒரு பெரியவர், பழைய உறையைக் கையில் வைத்துக்கொண்டு, நுரையீரலில் அந்தக் கட்டி வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று டாக்டர் போன தடவைப் படத்தோடு வைத்துப் பார்க்கணும்கிறார், அதை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். "பழைய படம் சிஸ்டத்துல போயிருச்சுங்க" என்று கவுன்ட்டர் பெண் இந்தப் பக்கம் பார்க்காமல் பார்த்தாள். "போயிருச்சுன்னா? வந்துருமுங்களா?" என்றார் பெரியவர். ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு எழுதிருவாருங்ளாண்ணா?" என்றாள் தரையைப் பார்த்தபடி. "எழுதுவான். நம்மாளு" என்றான். சொன்ன வாய் புளித்தது.

நம்மாளு என்று சொல்லிவிட்டதால்தானோ என்னவோ, செய்தியைப் பார்க்காமல் கிடங்கைத் திறந்து பார்க்கத் தோன்றியது. கைப்பேசியின் சின்னத் திரையில் அந்தப் பக்கம் அடுக்கிய வடிவிலேயே வந்தது. பழுதுகள் என்ற தலைப்புக்குக் கீழே கட்டைவிரல் நின்றது. புள்ளி லாக் இருக்கும்போது துப்புரவுக் கட்டளையை ஓட்டாதீர்கள், சேமித்ததெல்லாம் அழிந்துபோகும். இருக்கிறது. அழகாக, அடுக்காக, எப்போதும் அங்கேயே இருந்த மாதிரி இருக்கிறது. ஒரு நொடி அவனுக்கு உடம்பெல்லாம் இளகியது, செத்தவன் எழுந்து வந்து வாசலில் நிற்கிற மாதிரி. செய்துவிட்டான், என் ஆள், செய்தே விட்டான். அப்புறம்தான் மாற்றக் குறிப்பைத் திறந்தான். இன்றைக்கு மதியம். அவன் செய்தியை நீ படித்ததற்குப் பிறகு. ஒரு பின்சாய்கோடும் ஓர் அண்ட் குறியும் சேர்ந்திருந்தன, வேறொன்றுமில்லை. பேர் இருந்த இடத்தில் ஆவணக் குழு. குறிப்பில்: சில்லறை வடிவமைப்புத் திருத்தம், பொருளில் மாற்றம் இல்லை. இளகியது அப்படியே இறுகிற்று. பொருளில் மாற்றம் இல்லை. முன்பும் அந்த வாக்கியம், பின்பும் அதே வாக்கியம், நடுவில் கண்ணுக்கே தெரியாத இரண்டு குறி. யார் பார்த்தாலும் என்ன சொல்வார்கள்? எச்சரிக்கை எப்போதும் இருந்தது என்பார்கள். நேற்று வரைக்கும், பக்கத்தில் இல்லையே என்று அவளாவது சொல்லலாம், அதைச் சோதித்தாவது பார்க்கலாம். இப்போது உள்ளே அந்த ஆலோசகர் கிடங்கிலிருந்து புதுப்பித்துவிட்டுக் கட்டளையின் பேரைத் தட்டினால் இந்தப் பக்கம்தான் வந்து நிற்கும். இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது, படித்தும் அடித்திருக்கிறாள், அல்லது படிக்கவேயில்லை, பொய் சொல்கிறாள். அழித்தபோதாவது தெரியாமல் அழித்தாய். இப்போது தெரிந்து திருத்தியிருக்கிறாய். ஓடி வந்து ரத்தத்தைக் கழுவிவிட்டு, இங்கே ஒன்றும் நடக்கவில்லையே என்று நிற்கிறாய். திருடன் கெட்டவன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான் திருமூர்த்தி. களவுபோன பொருளை ஓசைப்படாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காவல்காரியின் மேல் பழி விழட்டும் என்று நடந்து போகிறவனை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

கதவு திறந்தது. "ஜெயக்கொடி, உள்ள வாங்க. அவரும் வர்றதுன்னா வரட்டும்." அவள் எழுந்தாள், சேலை மடிப்பை நீவிக்கொண்டாள், கைப்பையைத் தோளில் மாட்டினாள். "வந்துருச்சுங்ளாண்ணா?" என்றாள். திறந்த கதவு வழியாக உள்சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்தப் பக்கம் விழுந்திருப்பது தெரிந்தது, அதில் பழுதுகள் என்ற தலைப்பு, அதற்குக் கீழே ஆலோசகரின் சிவப்பு வெளிச்சப் புள்ளி ஒரு வரியின் தலையில் நின்று ஆடியது. எந்த வரி என்று படிக்க வேண்டியதில்லை. அடிவயிற்றில் வலி சுருக்கென்று ஏறியது, இரு என்று அதட்டினான், அதையா உன்னையா தெரியவில்லை. "நீ போ அம்மிணி, உக்காரு, நான் வர்ற வரைக்கும் எதுக்கும் ஆமான்னு சொல்லாத" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு வாசற்படியிலேயே நின்று கைப்பேசியில் உனக்கு அடிக்க ஆரம்பித்தான். இந்தத் தடவை பேரம் இல்லை. மூன்றும் இல்லை இரண்டும் இல்லை, ஒரே விலை. நீ உயர்ந்த இடத்தில் இரு, மேடையில் பேசு, குழு என்று சொல்லிக்கொள், எனக்கு அதில் ஒன்றும் வேண்டாம். உன்னை மன்னிக்கிறேன் என்று சொல்லவும் மாட்டேன், அதற்காகக் காத்திருக்காதே. அந்தப் பெரியவருக்கு அவர் படம் திரும்பி வராது, அதை நீயும் நானும் கொண்டுவர முடியாது. இவள் வேலை மட்டும் இன்னும் போகவில்லை. கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. திருத்தம் என்று போட்டிருக்கிறாயே, அந்தத் திருத்தத்தைத் திருத்து. பொருளில் மாற்றம் இல்லை என்று எழுதிய அதே கையால், குழு என்பதை அடித்துவிட்டு உன் பேரைப் போட்டு, ஒளியாமல், புள்ளிக்குப் பின்னால் பதுங்காமல், இவர்கள் சுவரில் தெரிகிற மாதிரி எழுது: இன்று மதியம் வரை இந்த வரி யார் கண்ணுக்கும் தெரியவில்லை, தெரியாமல் செய்தவன் நான், அவள் படித்த பக்கத்தில் இது இல்லை. எழுது. இப்போதே எழுது.